ஃபோர்ட் மெக்மரி எண்ணெய் மணல் அருங்காட்சியகம்: குடுவைக்குள் ஓர் அரசியல்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மண்டனிலிருந்து வடக்கே நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஃபோர்ட் மெக்மரியின் ஆயில் சாண்ட்ஸ் டிஸ்கவரி சென்டருக்கு, உலக எண்ணெய் அரசியலில் அக்கறை உள்ளவர்கள் ஒருமுறையேனும் சென்றுவர வேண்டும். 150 டன் சுமக்கும் சுரங்க லாரியும், வெளியே நிற்கும் ராட்சத வாளிச்சக்கர இயந்திரமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஒரு சிறிய செய்முறை விளக்கம்.

கண்ணாடிக் குடுவையில் எண்ணெய் மணல் எனப்படும் கரிய மணலைப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்குகிறார்கள். மணல் அடியில் படிய, பிட்டுமன் என்னும் தார் போன்ற கன எண்ணெய் கருநுரையாக மேலே திரள்கிறது. 1920களில் கார்ல் கிளார்க் செம்மைப்படுத்திய இந்த வெந்நீர் முறையை நம்பித்தான் 1967இல் முதல் பெரிய ஆலை திறக்கப்பட்டது. மணலின் எடையில் பத்தில் ஒரு பங்கே பிட்டுமன் என்பதால், ஒரு பீப்பாய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணலைத் தோண்ட வேண்டியிருக்கிறது.

புதிதாகத் தார் போட்ட சாலையின் அதே நெடி, அதே பிசுபிசுப்பு. இப்பகுதியின் பூர்வகுடிகளான க்ரீ, டெனே மக்கள் இதைக்கொண்டு படகுகளின் விரிசலை அடைத்தார்கள். கனடாவின் எண்ணெய் வணிகத்தை ஒரே வாடிக்கையாளரிடம் ஒட்டவைத்ததும் இந்தப் பிசுபிசுப்புதான் என்பது என் கருத்து. இலேசான எண்ணெய் கலந்து இளக்காவிட்டால் இது குழாயில் ஓடாது. கன எண்ணெயைப் பிளக்கும் கோக்கர் வசதியுள்ள ஆலைகளுக்கே இது ஏற்றது. அத்தகைய ஆலைகள் அமெரிக்காவின் மத்திய மேற்கிலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலும் இருந்ததால், ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பல ஆண்டுகள் அங்கேயே, அதுவும் தள்ளுபடி விலையில், சென்றது. இந்த எண்ணெயை அமெரிக்காவுக்குக் கூடுதலாகக் கொண்டுசெல்லத் திட்டமிட்ட கீஸ்டோன் எக்ஸ்எல் குழாயை 2015இல் ஒபாமா மறுத்தார். 2017இல் டிரம்ப் அனுமதித்தார். 2021இல் பைடன் பதவியேற்ற நாளிலேயே ரத்து செய்தார். இதற்கிடையே 2018இல் கனடா அரசு 450 கோடி கனடிய டாலருக்கு டிரான்ஸ் மவுண்டன் குழாயைத் தானே வாங்கி, விரிவாக்கத்துக்கு ஏறக்குறைய 3,400 கோடி டாலர் செலவிட்டு, 2024 மே மாதத்தில் பசிபிக் கரைக்கு நாளொன்றுக்கு 8.9 லட்சம் பீப்பாய் செல்லும் வழியைத் திறந்தது. அவ்வளவு பெருந்தொகை எதற்கு என்று கேட்பவர்களை நான் அந்தக் குடுவையின் முன்னால்தான் அழைத்துச் சென்று நிறுத்துவேன்.

குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பின்னர் 63ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே செல்லுங்கள். சுரங்கங்களின் கழிவுநீர்க் குளங்கள் சாலையிலிருந்தே தெரியும். பறவைகள் அவற்றில் இறங்கிவிடாதபடி விரட்டும் வெடியொலியும் காதில் விழும்.