சாவேஜ் 110: வீட்டில் செய்த வைஸும் காசு கொடுத்து வாங்கிய கேஜும்

அமெரிக்காவில் ரைஃபிள் வைத்திருக்கும் பலருக்கு வீட்டுக் கராஜிலேயே பேரல் மாற்றும் தைரியத்தைக் கொடுத்தது சாவேஜ் 110தான். 1958-இல் வந்த இந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை வடிவமைத்தவர் நிக்கோலஸ் புரூவர். போல்ட் என்பது கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றிப் பூட்டும் தண்டு. இதில் பேரலை ரிசீவரோடு, அதாவது போல்ட் ஓடும் நடு உடலோடு, இறுக்கிப் பிடிப்பது ஒரு நட். அதைத் தளர்த்தினால் பேரலை முன்னும் பின்னும் திருகி, வேண்டிய இடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். ரெமிங்டன் 700 அப்படியில்லை. அதில் பேரலிலேயே தோள், அதாவது முட்டி நிற்கும் விளிம்பு, கடைந்திருக்கும். அளவு சரிசெய்ய லேத்தும் அதை ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும். நான் சாவேஜ் வாங்கியதே இந்த நட்டுக்காகத்தான்.

வாங்கும்போது இருந்தது .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான பேரல். மான் வேட்டைக்கு அது போதும். தூரத்துக் காகித இலக்குக்கு 6.5 கிரீட்மோர் பேரல் வாங்கினேன். இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பக்க விட்டம் ஒன்றே என்பதால் போல்ட் தலையை மாற்ற வேண்டாம், மேகஸினும் அதுவே. அமெரிக்காவின் 1968 கூட்டாட்சிச் சட்டப்படி ரிசீவர்தான் துப்பாக்கி, அதனால் பேரல் வெறும் உதிரி பாகம். ஆனால் 16 அங்குலத்துக்குக் குறைவான பேரல் மாட்டினால் கட்டுப்பாடு கூடிய 1934-இன் சட்டத்துக்குள் வந்துவிடும். இந்தியாவில் இதை முயல வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தில் உதிரி பாகமும் ஆயுதமே, அங்கே உரிமம் பெற்றவரிடம்தான் போக வேண்டும்.

இனி கருவிகள். நானே செய்தது பேரலை அசையாமல் கவ்விப் பிடிக்கும் பேரல் வைஸ் ஒன்றுதான். இரண்டு ஓக் கட்டைகளைச் சேர்த்துப் பிடித்து, பேரலின் விட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகத் துளை போட்டேன். பேரல் உள்ளே உட்காரும்போது இரண்டு கட்டைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும், அப்போதுதான் பிடி விழும். மேலும் கீழும் கனமான இரும்புப் பட்டை, அவற்றை இறுக்க நான்கு தடித்த போல்ட்டுகள். இதை மேசைக்கு மேலே சும்மா வைத்தால் மேசையே நகரும். சுவரோடு பிணைத்த பலகையில் திருகியிருக்கிறேன்.

பேரல் வழுக்குவதுதான் பெரிய தொல்லை. தொழிற்சாலையில் இறுக்கிய நட் முதல் தடவை லேசில் அசையாது. பெயிண்டும் எண்ணெய்ப் பசையும் மரையில் இறுகியிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். பேரலை ஸ்பிரிட்டால் துடைத்து, கட்டையில் ரோசின் தூள் தூவிய பிறகு பிடி நின்றது. வயலின் வில்லுக்குத் தேய்க்கிற அதே ரோசின்தான். சிலர் பைப் ரெஞ்சைப் போட்டு நட்டைக் கடிக்க விடுகிறார்கள். இன்னும் சிலர் ரிசீவரில் காலிக் கூடு வெளியேறும் ஜன்னலில் இரும்புக் கம்பியைக் கொடுத்து நெம்புகிறார்கள். ரிசீவர் ஒரு நூல் முறுக்கிக்கொண்டாலும் அந்த ரைஃபிள் அதோடு போச்சு. நட்டுக்கென்றே வரும் ரெஞ்சை வாங்கிவிடுங்கள். நான் முதலில் வாங்கிய மலிவு ரெஞ்சின் பல் சீக்கிரமே மழுங்கியது. அடுத்து வாங்கிய கனமானது இன்றுவரை உழைக்கிறது.

கெட்டியாகப் பிடிக்கிற கருவியை வீட்டில் செய்யலாம். அளக்கிற கருவியில் கைவேலை கூடவே கூடாது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவின் தோள் (கூடு கழுத்தாகக் குறுகும் சரிவு) போய் உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அது கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கூடு இழுபட்டு அடியில் பிளக்கலாம், கொதிக்கும் வாயு முகத்தை நோக்கி வரும். அதைச் சோதிக்க இரண்டு கேஜ்: கோ கேஜை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும், நோ-கோவை வைத்தால் மூடக் கூடாது. .308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. சாவேஜ் மரை அங்குலத்துக்கு 20 சுற்று. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 0.050 அங்குலம். அந்த 0.004 வித்தியாசம் ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை! கண்ணாலோ கைப்பக்குவத்தாலோ இதைப் பிடிக்க முடியாது. கோ கேஜின் பின்னால் செலோடேப் ஒட்டி நோ-கோவாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. டேப் நசுங்கும், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அந்தந்தத் தோட்டாவுக்கான இரண்டு கேஜையும் வாங்கினேன். போல்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் (தோட்டாவைத் தட்டும் ஊசி) எஜெக்டரையும் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் பாகம்) கழற்றிவிட்டு அளந்தால்தான் கைக்கு உண்மை தெரியும். நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்க வேண்டும், இறுக்கும்போதே பேரல் கொஞ்சம் நகரும்.

சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு சொல்கிறேன்: ஓக் கட்டை குளிர்காலத்தில் சுருங்கி, துளையின் வட்டம் மாறுகிறது. ஒருமுறை கட்டையை மாற்றிவிட்டேன். தேய்மானம் வேறு எதிலும் தெரியவில்லை. மரை ஒட்டிப்போகாமல் இருக்க ஆன்டி-சீஸ் பசை தடவி, பேரல் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குவதால் இப்போதெல்லாம் நட் முரண்டு பிடிப்பதில்லை. துல்லியமும் குறையவில்லை. ஆனால் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்ய வேண்டும், அதாவது குண்டு விழும் இடத்தோடு குறியைப் பொருத்த வேண்டும், அதற்கு ஒரு பெட்டித் தோட்டா போகும். வேட்டைக்கு முந்தின நாள் பேரல் மாற்றுகிற எண்ணமே வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. ஒரே ரிசீவரில் இரண்டு வகைத் தோட்டா என்றால் மாறிப்போகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. வேலை செய்யும் அறையில் தோட்டாவே வைப்பதில்லை. ஸ்டாக்கில் டேப் ஒட்டி, மாட்டியிருக்கும் பேரலின் பெயரை எழுதிவிடுகிறேன். ரேஞ்சுக்குப் போகும்போது அந்தப் பெயருள்ள பெட்டி மட்டும்தான் வண்டியில் ஏறும்.