உப்பு பூத்த கான்கிரீட்டுக்கு வாங்கிய இரண்டு சரக்குகள்: ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

வாசற்படிகளிலும், சுற்றுச்சுவரின் அடிப்பகுதியிலும், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் சாமான் அறையின் ஒரு சுவரிலும் விடாமல் உப்பு பூத்துக்கொண்டிருந்ததால், ஒரே நிறுவனம் ஜோடியாக விற்கும் இரண்டு சரக்குகளைச் சென்ற ஆண்டு வாங்கினேன். ஒன்று, தண்ணீரில் கரைத்துத் தேய்க்கும் உப்புக்கறை நீக்கி. மற்றொன்று, காய்ந்த கான்கிரீட்டின் மேல் தெளிக்கும் நீர்விலக்கி. மூன்று இடங்களிலும் இரண்டையும் பயன்படுத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். சல்ஃபாமிக் அமிலம் கொண்ட நீக்கியும் சிலேன்-சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்கள் கொண்ட நீர்விலக்கியும் பல பெயர்களில் கிடைப்பதால், நிறுவனத்தின் பெயரைவிட உறையின் பின்புறத்தில் உள்ள சேர்மானமே வாங்குபவருக்கு முக்கியம்.

படிகளில் இருந்தது கெட்டியான படிவு. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. அது ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1.7 கிராம்தான் கரையும் என்றாலும், கான்கிரீட்டின் நுண்துளைகளில் ஈரம் ஊறுவதும் உலர்வதுமாக இருக்கும் இடத்தில் அந்தச் சிறிய அளவே சேர்ந்து சேர்ந்து மேலே வந்து, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடுடன் கூடிக் கால்சியம் கார்பனேட்டாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. இதை மழையும் கரைக்காது, வெறும் தண்ணீரும் கரைக்காது. சாமான் அறைச் சுவரில் இருந்ததோ, தொட்டாலே மாவுபோல் உதிர்ந்து சுவரோரம் குவியும் பூப்பு. அது பெரும்பாலும் தண்ணீரில் எளிதில் கரையும் சோடியம், பொட்டாசியம் உப்புகளால் ஆனது. அதற்குக் காய்ந்த தூரிகை போதும், அமிலம் வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை உறையில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

நீக்கியைப் பொறுத்தவரை படிகளில் எனக்கு முழு மனநிறைவு. கரைசலை ஊற்றியதும் சிறு சீறலுடன் வெள்ளை நுரை கிளம்பி, அது அடங்குவதற்குள் படிவு சேறுபோல் இளகிவிட்டது. நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி மறுபடி ஊற்றியபோது நுரை மிகக் குறைவாகவே வந்தது. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். படிவு தீர்ந்த பிறகு அமிலம் சிமெண்டையே அரிக்கத் தொடங்கும். முதலில் தரையை நன்றாக நனைக்கச் சொல்லும் அறிவுரையையும் யாரும் தவறவிட வேண்டாம். கடைசிப் படியை நனைக்காமல் ஊற்றிவிட்டேன்; காய்ந்த கான்கிரீட் கரைசலை உள்ளே இழுத்துக்கொண்டதால், அந்தப் படியின் மேற்பரப்பு இன்றும் மணல் தெரியச் சொரசொரப்பாக இருக்கிறது. பலர் பயன்படுத்தும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட இதை நான் விரும்பக் காரணம், அது விட்டுச்செல்லும் குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்க வழியாகும் என்பதே. ஆனால் பிளீச்சிங் பவுடரோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்ற எச்சரிக்கை உறையில் எங்குமே இல்லை. பாசி போக்கப் பிளீச்சிங் போட்ட அதே தரையில் இதையும் ஊற்றுபவர்கள் இருப்பார்கள் என்பதால், இதைச் சிறிய குறையாக என்னால் கருத முடியவில்லை.

நீர்விலக்கியைப் படிகள் நன்றாகக் காய்ந்த பின், முதல் பூச்சின் ஈரம் போகுமுன்னே இரண்டாம் பூச்சு விழும்படி தெளித்தேன். இது மேலே ஏடுபோல் படிவதில்லை. சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கித் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரை உள்ளே உறிஞ்ச விடாது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகப் போவதைத் தடுப்பதும் இல்லை. பளபளப்போ நிறமாற்றமோ ஏற்படாதது எனக்குப் பிடித்தது. முதல் மழையில் துளிகள் தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்றன. இப்போது கால் படும் நடுப்பகுதியில் அந்த முத்துகள் இல்லை, தண்ணீர் பரவுகிறது; ஆனாலும் நனைந்த கான்கிரீட் கறுப்பதில்லை என்பதால் உள்ளே இறங்கிய பகுதி இன்னும் வேலை செய்வதாகவே கொள்கிறேன். வெண்மை திரும்பியது ஒரே ஓர் இடத்தில்தான், இரண்டு படிகள் சேரும் மூலையில் இருந்த விரிசலில். விரிசலை இது அடைக்காது. அதைத் தனியாக அடைத்துவிட்டுத் தெளித்திருக்க வேண்டும். சுற்றுச்சுவரிலும் ஏறக்குறைய இதே பலன்தான்.

சாமான் அறையில் கதை வேறு. நீர்விலக்கியைத் தெளித்த பின் ஒரு மாதம் வரை சுவர் சுத்தமாக இருந்தது. பிறகு சுவரின் சிமெண்ட் பூச்சு அங்கங்கே உப்பியது. விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று ஒலித்தது. உப்பிய இடத்தில் ஒரு துண்டைப் பெயர்த்து எடுத்துப் பார்த்தபோது, அதன் பின்பக்கம் முழுவதும் ஊசி ஊசியாக வெண்படிகங்கள் இருந்தன. அந்தச் சுவரின் மறுபுறம் ஈர மண். அங்கிருந்து வரும் ஓதம் நீர்விலக்கி இறங்கிய அடுக்கு வரை வந்து, அதற்குமேல் ஆவியாக மட்டுமே வெளியேற முடிந்ததால், முன்பு சுவரின் முகத்தில் பூத்த உப்பு இப்போது அடுக்கின் பின்னால் படிகமாக வளர்ந்து பூச்சையே நெம்பிவிட்டது. வெறும் வெள்ளையாக இருந்த சுவர், இதைத் தெளித்ததால் சேதமடைந்த சுவராகிவிட்டது. உறையில் ‘உள், வெளிச் சுவர்கள் அனைத்துக்கும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டபோது நீர்விலக்கியை மூன்றாவது முறையும் தெளிக்கச் சொன்னார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது, ஏனெனில் சரக்கு மோசமானதன்று. போகக்கூடாத இடத்துக்கு அதை அனுப்புகிறார்கள்.

வாங்கும் முன் செய்திருக்க வேண்டிய சோதனையைப் பிறகுதான் செய்தேன். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் நாடா ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். சோதனைத் தரங்களை வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் டி4263 என்ற சோதனை முறை இதுதான். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. எனக்கு உட்புறம் துளி துளியாக நின்றது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைத் தண்ணீர்க் குழாய் சரியாக அந்தச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே, மழை மேலிருந்து நனைக்கும் படி, நடைபாதை, சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்கு இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். நானும் மீண்டும் வாங்குவேன். பின்னாலோ கீழேயோ ஈர மண் இருக்கும் சுவருக்கு நீர்விலக்கியை வாங்க வேண்டாம். சாமான் அறைக்கு நான் இப்போது செய்திருப்பது, குழாயை நீட்டித் தண்ணீரைத் தள்ளி விட்டதும், சுவரோர மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி வெட்டியதும், பெயர்ந்த பூச்சை உதிர்த்துவிட்டு வாரம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் தேய்த்துப் பொடியை முறத்தில் அள்ளுவதும்தான். முதல் வாரங்களில் இரண்டு கைப்பிடி சேர்ந்தது. இப்போது முறத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக மட்டுமே தெரிகிறது.