மூன்று மாத யூஎக்ஸ் வகுப்பு: பாடம் ஜோர், தளம் பேஜார்

ரங்கூனில் அனவ்ரதா சாலைக் காளி கோயில் பக்கம், பெரியப்பா கடையில் உட்கார்ந்துதான் இந்த யூஎக்ஸ் (செயலியையும் தளத்தையும் பயனருக்கு எளிதாக வடிவமைக்கும் வேலை) இணைய வகுப்பை முடித்தேன். பாடத்தில் குறை சொல்ல முடியாது. இந்தத் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் நல்ல வடிவமைப்புக்கு 1994இல் வகுத்த பத்து விதிகளை ஒப்பிக்க விடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலியைப் பிரித்து மேயச் சொன்னார்கள்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு இரண்டாவது ஆளே போதுமாக இருந்தது. பெரியம்மாவிடம் என் பர்மியப் படிவத்தைக் கொடுத்தேன். "என்னடா, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றார். அவருடைய பழைய போனில் இன்னும் ஸோஜி என்கிற பழைய பர்மிய எழுத்துரு! 2019 அக்டோபர் 1இல் நாடே உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது, பெரியம்மா மாறவில்லை. இரண்டும் ஒரே குறியெண்களை வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால் வந்த வினை. வகுப்பில் இதற்கு ஒரு வரி கிடையாது, மாதிரிகள் எல்லாம் ஆங்கிலத் தளங்கள்.

அப்புறம் அவர்கள் தளம். காணொளியை இறக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. மின்வெட்டு வந்தால் அன்றைய படிப்பு காலி. வீட்டுப்பாடத்தை ஏற்றினால் போய்ச் சேர்ந்ததா என்று எதுவும் காட்டாது. என்ன நடக்கிறது என்று பயனருக்குத் தெரியவேண்டும் என்பதுதான் ஐயா முதல் விதியே! மூன்று முறை அனுப்பினேன். மூன்றுக்கும் மதிப்பெண் வந்தது, மூன்றும் வேறு வேறு.

ஐந்துக்கு மூன்று. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மூன்றரை.