பதின்ம வயதுக்கு ஆன்லைன் பள்ளி: நேரலை வகுப்பா, அவரவர் வேகமா?

எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆன்லைன் பள்ளியில்தான் படிக்கிறாள். தேர்ந்தெடுக்கும்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, டைம்டேபிள் போட்டு, ஆசிரியர் திரையில் நேரடியாக வந்து நடத்தும் பள்ளி. இன்னொன்றில் பாடங்கள் பதிவாக இருக்கும். பிள்ளை தன் வேகத்தில் பார்த்து, பயிற்சிகளை முடித்து, அலகுத் தேர்வு எழுதி அடுத்ததற்குப் போகவேண்டும், சந்தேகம் வந்தால் ஆசிரியருக்கு எழுதலாம் அல்லது நேரம் கேட்டுப் பேசலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். பிள்ளைக்குப் பொறுப்பு வரவேண்டும், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகவேண்டும் என்பதுதான் முக்கியம் என்றால், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பார்த்ததை வைத்து ஆன்லைன் பள்ளியே வேண்டாம் என்பவர்கள் நிறைய. உலகம் முழுக்க 100 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டுக்குள் இருந்த காலம் அது. வகுப்பறைக்குத் தயாரித்த பாடத்தை அவசர அவசரமாகக் கேமரா முன் நடத்தினார்கள், வேறு வழியில்லை. ஆரம்பத்திலிருந்தே திரைக்காகத் திட்டமிட்ட பள்ளியை அதோடு சேர்த்து எடைபோடக்கூடாது.

பயண நேரம் மிச்சமாவதும் இணையம் சரியாக இருக்கவேண்டியதும் இரண்டுக்கும் பொதுதான். தூக்கத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்கவேண்டும், ஆனால் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போவதால் இரவில் சீக்கிரம் தூக்கம் வராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே பள்ளி காலை 8.30-க்கு முன் தொடங்கவேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் இதுதான். நேரலை வகுப்பும் விடிந்ததும் தொடங்குகிறது என்றால் வீட்டிலிருந்து படிப்பதால் காலையில் கூடுதலாகத் தூங்கலாம் என்ற லாபம் பெரும்பாலும் போய்விடும்.

நேரலைக்கும் நல்ல பக்கம் இருக்கிறது. புரியாத இடத்தில் அப்போதே கேட்கலாம், மற்றப் பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம், வகுப்புக்கு வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். இதெல்லாம் சரிதான். ஆனால் மணிக்கு மணி என்ன செய்யவேண்டும் என்பதை அங்கே டைம்டேபிளே சொல்லிவிடுகிறது. பிள்ளை லாகின் செய்து உட்கார்ந்தால் போதும். அதில் ஒழுங்கு வரும், மறுக்கவில்லை. வாரத்தை முன்கூட்டி யோசித்து, எதை எப்போது செய்வது என்று பிள்ளையே தீர்மானிக்கும் அவசியம் மட்டும் அங்கே வருவதில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: வாரத் திட்டம் யார் கையில் இருக்கிறது? ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பெரியவர்களே குறைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள், முடித்தது 55 நாள் தாண்டி. கல்லூரிப் பிள்ளைகளே அப்படி என்றால் பதினாலு வயதில் எப்படி இருக்கும்! நேரத்தைச் சரியாகக் கணிக்கும் பழக்கம் அறிவுரையால் வருவதில்லை. தானே கணக்குப் போட்டு, அது தப்பி, அடுத்த முறை திருத்திக்கொண்டால்தான் வரும். என் மகள் வாரத் தொடக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுதுவாள், பக்கத்திலேயே உண்மையில் ஆன நேரத்தையும் எழுதுவாள். ஒரே மாலையில் முடியும் என்று எழுதிய வரலாற்றுக் கட்டுரை வாரக்கடைசி வரை இழுத்தது. அடுத்த கட்டுரையை வாசிப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது என்று அவளாகவே பிரித்துக்கொண்டாள். அப்புறம் ஒருமுறை, நேரம் போதாது என்று தெரிந்ததும் கடைசித் தேதிக்கு முன்பே ஆசிரியைக்குத் தானே எழுதி அவகாசம் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிறகுதான் எனக்கே தெரியும். இந்தப் பள்ளியிலிருந்து நான் எதிர்பார்த்தது இதைத்தான்.

இதற்குப் பெற்றோர் தரவேண்டிய உழைப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. சொந்த வேகத்தில் பின்தங்கினால் வெளியே தெரியத் தாமதமாகும். டேஷ்போர்டில் வரும் சதவீதத்தை நம்பிவிடாதீர்கள். வீடியோவை ஓடவிட்டாலே முடித்ததாகக் காட்டும் தளங்கள் உண்டு. தினமும் எட்டிப்பார்த்தால் பொறுப்பு மறுபடி நம் கைக்கே வந்துவிடும், பார்க்காமலே விட்டால் சறுக்கியது தெரியாது. அதனால் நாங்கள் வாரம் ஒருமுறை மட்டும் சேர்ந்து உட்காருகிறோம். புத்தகத்தை மூடிவிட்டு அந்த வாரம் படித்ததில் ஒன்றை அவள் எங்களுக்கு விளக்கவேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படி நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்ட நாள் தங்கும் என்று 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனைகள் காட்டின. பாடம் பதிகிறது என்பதோடு, எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்துவிடுகிறது.

எல்லையே இல்லாத சுதந்திரத்தை நான் சொல்லவில்லை. முடித்தாயா என்று யாரும் கேட்காத இலவச ஆன்லைன் படிப்புகளில் சேருபவர்களில் பெரும்பாலானோர் முடிப்பதே இல்லை. அதனால் சொந்த வேகப் பள்ளியிலும் அலகுகளுக்குக் கடைசித் தேதி இருக்கிறதா, ஆசிரியர் எத்தனை நாளில் பதில் தருவார், ஒரு வாரம் லாகின் செய்யாவிட்டால் யார் கவனிப்பார் என்று சேரும் முன்பே கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத பள்ளியைவிட நேரலைப் பள்ளியே மேல்.

நான் பார்த்தது ஒரு பிள்ளையைத்தான், அதுவும் வாசிக்கப் பிடித்த பிள்ளை. பதிமூன்றுக்குக் கீழே இது எப்படி வேலை செய்யும் என்றோ, கவனம் நிற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்றோ என்னால் சொல்லமுடியாது. கூட்டத்தோடு இருந்தால்தான் உற்சாகம் வரும் பிள்ளைக்கு நேரலையே பொருந்தலாம்.

இரண்டையும் கலந்து எடுக்கவும் சில பள்ளிகள் விடுகின்றன. முடிவெடுக்க முடியாதவர்கள் பிள்ளைக்குக் கடினமான பாடத்தை நேரலையிலும் மற்றதைச் சொந்த வேகத்திலும் வைத்துத் தொடங்கலாம். எங்கள் மகள் இந்த ஆண்டு கணிதத்துக்கு மட்டும் நேரலை வகுப்பு வேண்டும் என்று அவளே கேட்டுச் சேர்ந்திருக்கிறாள். மற்றப் பாடங்களுக்கு வேண்டாமா என்றேன், அதையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.