கன்ட்ரியா, ப்ளூஸா? வாசலில் நின்று கேட்டவர் சொன்னது

என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனாலேயே இந்த விஷயத்தில் அவரை நடுவராக நம்புகிறேன். ஒரு மாலை இசைத்தட்டில் கன்ட்ரிப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றார். "பாவம், இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம் என்றேன். "அவள் என்ன பாடு பட்டாளோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சில நாள் கழித்து அதே வாசல்; பாடியது ப்ளூஸ்காரர் ராபர்ட் ஜான்சன். இந்த முறை என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். "இதை ராத்திரியில் போடாதே" என்றார்.

அமெரிக்கத் தெற்கின் இந்த இரண்டு இசைகளையும் ஒப்பிட்டு நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்தைத் தொடவில்லை. கன்ட்ரி காதில் விழுந்தால், பாடுகிறவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்கத் தோன்றுகிறது. ப்ளூஸ் விசாரிக்க இடம் கொடுப்பதில்லை. நேர்ந்தது என்னவோ, அது அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எதிலிருந்து தொடங்கலாம் என்று நண்பர்கள் கேட்பார்கள். எது உயர்ந்தது என்றும் சிலர் கேட்பார்கள். நான் பேசுவது பழையதைப் பற்றி மட்டும்: கன்ட்ரி என்றால் 1927 தொடங்கி அறுபதுகள் வரை, ப்ளூஸ் என்றால் இருபதுகள் தொடங்கி ஐம்பதுகளின் சிகாகோ வரை. ஒரே ஒரு பாட்டுக்காக மட்டும் இந்த வேலியைத் தாண்டுவேன்.

முதலில் கட்டுமானம். ப்ளூஸ் பாட்டின் வழக்கமான அளவு பன்னிரண்டு பார். பார் என்றால் நான்கு தாளத் தட்டு கொண்ட ஒரு சுற்று. ஓர் அடியைப் பாடுவார்கள். அதே அடியை மறுபடியும் பாடுவார்கள். மூன்றாவது அடி அதற்குப் பதில் சொல்லும், அல்லது பழிப்புக் காட்டும். ஒவ்வோர் அடி முடிந்ததும் ஓர் இடைவெளி விழும். அதில் கிட்டார் பேசும். எழுதி வைத்துப் பார்த்தால் சோம்பேறித்தனம் போலத் தெரியும், சொன்னதையே ஏன் சொல்ல வேண்டும் என்று. கேட்டால்தான் தெரியும், இரண்டாவது முறை வருவது அதே அடி அல்ல. முதல் முறை அது செய்தி. இரண்டாவது முறை பாடுகிறவர் தாமே அதை நம்பத் தொடங்கியிருப்பார். கச்சேரியில் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி விரிக்கும் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

கன்ட்ரியும் திருப்பிச் சொல்கிறது, ஆனால் பொறுத்திருந்து. நடுவில் கதை ஓட வேண்டும். வேலி தாண்டுவேன் என்றேனே, அந்தப் பாட்டு இதற்குத்தான்: 1980இல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்ட் லவ்விங் ஹெர் டுடே'. சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். பழைய கடிதங்கள், சுவரில் அவள் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறது பாட்டு. இன்றைக்கு நேசிப்பதை நிறுத்திவிட்டான் என்ற வரி வருகிறது. ஏன் நிறுத்தினான் என்பது நமக்கு உறைக்கும் கணத்தில் வயிற்றில் ஏதோ புரள்கிறது. அடுத்த முறை பல்லவி வரும்போது சொற்கள் மாறவில்லை, பொருள் மட்டும் முழுக்க மாறிவிட்டது. இவ்வளவு சாவு வாடை அடிக்கும் பாட்டை யார் வாங்குவார்கள் என்று ஜோன்ஸே சலித்துக்கொண்டாராம். கன்ட்ரிப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போயிற்று. ப்ளூஸ் பாடகர் ஒருவர் இப்படி ஒரு திருப்பத்துக்காக மூன்று நிமிடம் காத்திருக்க மாட்டார். செத்துப்போனவனைப் பற்றி முதல் அடியிலேயே சொல்லிவிடுவார். பிறகு அதிலேயே நிற்பார்.

கதை சொல்லும் திறத்தில், ஆகவே, கன்ட்ரிக்குத்தான் வெற்றி. சந்தேகமில்லை.

கிட்டாருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு இடையில் இருக்கும், எந்தக் கட்டையிலும் அகப்படாத சுரங்களில்தான் ப்ளூஸ் வாழ்கிறது. உடைந்த புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு, அல்லது கத்தியைத் தந்தியில் வைத்து இழுத்து, அந்தச் சந்துகளுக்குள் போய் வருவார்கள். கன்ட்ரியிலும் இழுப்பு உண்டு. ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த ஸ்டீல் கிட்டார், மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வருடி வாசிப்பது. அது எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போகும், அழகாக அழும். ப்ளூஸின் இழுப்பு சிராய்க்கும். ஜான்சன் ஒற்றைக் கிட்டாரில் அடித்தந்தியில் ஒரு நடையும் மேல்தந்தியில் இன்னொரு பேச்சுமாக வாசிப்பதைக் கேட்டு, இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். 1936இல் சான் அன்டோனியோவில் ஒரு ஹோட்டல் அறை, 1937இல் டாலஸ், இரண்டு இடத்திலும் சேர்த்து மொத்தம் 29 பாட்டு. 1938இல் 27 வயதில் இறந்தார். நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கினார் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ராப்பகலாக உட்கார்ந்து விரல் தேய்த்தவனுடைய உழைப்பின் பெருமையைச் சாத்தானுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இதுவரை இரண்டையும் இரண்டு ஊர்போலப் பேசிவிட்டேன். உண்மையில் அந்த எல்லைக்கோடு பாடகர்கள் போட்டதல்ல. 1920இல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் 'கிரேஸி ப்ளூஸ்' இசைத்தட்டு விற்ற வேகத்தைப் பார்த்ததும் கம்பெனிகள் கறுப்பின மக்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனி வரிசை போட்டன. தெற்கத்திய வெள்ளையருக்கு 'ஹில்பில்லி' வரிசை. கடையில் இரண்டும் தனித்தனி அலமாரி. இனப்பிரிவினைச் சட்டம் நடந்த நாட்டில் இசைத்தட்டுக்கும் தனி வாசல். 1949இல்தான் பில்போர்டு பத்திரிகை அந்த 'ரேஸ்' பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பெயர் மாற்றியது.

அலமாரிக்குப் பின்னால் நடந்தது வேறு. 1927 ஜூலைக் கடைசியில் டென்னசி, வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டலில், தொப்பிக் கம்பெனி ஒன்றின் பழைய கட்டடத்தில், ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். ஆகஸ்டின் முதல் வாரத்தில் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழுவும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அவர் முன் பாடினார்கள். கன்ட்ரியின் பிறந்த நாள் என்று இதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் ராட்ஜர்ஸ் யார்? மிசிசிப்பியின் மெரிடியனிலிருந்து வந்த ரயில் பிரேக்மேன். தண்டவாள வேலையில் கறுப்பினத் தொழிலாளர்களோடு பழகிப் பாட்டு பிடித்தவர். அவரைப் புகழின் உச்சியில் நிறுத்திய 'ப்ளூ யோடல்' வரிசை, கூட்டிக் கழித்துப் பார்த்தால், பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான். முடிவில் ஆல்ப்ஸ் மலை மேய்ப்பனைப் போல் குரலை மேலே உடைத்து ஓர் யோடல். 1930இல் அந்த வரிசையின் ஒன்பதாவது பாட்டுக்கு டிரம்பெட் ஊதியவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ அவருடைய மனைவி லில். தட்டின் மேல் அவர்கள் பெயர் இல்லை.

கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார்க்காரர். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார், மெட்டை ரிடில் மனத்தில் ஏற்றிக்கொள்வார். ஹாங்க் வில்லியம்ஸுக்குச் சிறு வயதில் அலபாமாத் தெருக்களில் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் 'டீ டாட்' என்று அழைக்கப்பட்ட ரூஃபஸ் பெய்ன். கூலி சில்லறைக் காசோ, ஹாங்கின் தாயார் சமைத்த சாப்பாடோ. பெய்ன் 1939இல் வறுமையில் இறந்தார். அவர் குரல் எந்தத் தட்டிலும் இல்லை. ஹாங்கின் குரல் உடையும் இடங்களைக் கேட்கும்போதெல்லாம், இதில் எது பெய்னுடையது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம். கண்டுபிடிக்க வழியே இல்லை என்று தெரிந்தும்.

கொடுக்கல் ஒரு பக்கம் மட்டும் அல்ல. ஹவ்லின் வுல்ஃப், அந்த இடிக்குரல் ப்ளூஸ்காரர், ராட்ஜர்ஸின் ரசிகர். யோடல் வரவில்லை, ஊளையிடத்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். மிசிசிப்பி ஜான் ஹர்ட்டை 1928இல் ஓகே கம்பெனிக்குப் பரிந்துரைத்தவர் வில்லி நார்மர் என்ற வெள்ளையர், ஹர்ட்டோடு நடனங்களுக்குப் பிடில் வாசித்தவர்.

இந்தக் கலப்பை இனிக்க இனிக்கச் சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' கன்ட்ரியின் கோயில். அந்தப் பெயரே 1927இல் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே வாயிலிருந்து விழுந்தபோது, வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். ஹார்மோனிகாவில் விரைவு ரயிலை ஓட்டிக் காட்டுவார். விசில், சக்கரம், தூரத்தில் தேய்ந்து மறையும் ஒலி, எல்லாம். சுற்றுப்பயணம் போனால் மற்றவர்கள் தங்கும் ஹோட்டலில் அவருக்கு அறை கிடையாது. 1941இல் நிகழ்ச்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதன்பின் நாஷ்விலிலேயே காலணிக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். கன்ட்ரியின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் ஏறியது 2005இல். இறந்து 23 ஆண்டுகள் கழித்து. 'கன்ட்ரி வெள்ளையர் இசை' என்று யாராவது சொன்னால் நான் வாதாடுவதில்லை, பெய்லியின் ரயிலைப் போட்டுக் காட்டுகிறேன்.

பெயர்களை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொன்றும் சொல்லலாம். 1949இல் ஹாங்கை உச்சிக்குக் கொண்டுபோன 'லவ்சிக் ப்ளூஸ்' ப்ளூஸ் வடிவமே அல்ல, பழைய மேடைப் பாட்டு. பெயரில் ப்ளூஸ் இல்லாத அவருடைய 1947 பாட்டு 'மூவ் இட் ஆன் ஓவர்' அசல் பன்னிரண்டு பார்.

இரண்டும் மின்சாரத்துக்கு மாறிய காரணமும் ஒன்றே: குடிப்பவர்களின் சத்தம். டெக்சஸ் மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸின் பாட்டு காதில் விழாமல் போனது, கன்ட்ரிப் பாடகர் எர்னஸ்ட் டப் 1941இல் மின்கிட்டார் சேர்த்தார். ப்ளூஸ்காரர் மடி வாட்டர்ஸ் பருத்திக்காட்டை விட்டு 1943இல் சிகாகோ வந்தார், அங்கும் அதே கூச்சல், அதே தீர்வு. அதற்குப் பிறகுதான் இரண்டும் தத்தம் வழியில் கெட்டன. ஐம்பதுகளின் கடைசியில் நாஷ்வில்காரர்கள் நாட்டுப்புறப் பாணி ஒற்றைப் பிடிலை ஓரம் கட்டிவிட்டு வயலின் கூட்டத்தையும் பின்பாட்டுக் குழுவையும் கொண்டுவந்தார்கள். பாயசத்தில் சர்க்கரையைக் கொட்டினாற்போல் ஆயிற்று. பாடகி பாட்ஸி க்ளைன் மட்டும் அந்தச் சர்க்கரையையும் மீறி நின்றார். ப்ளூஸுக்கு வந்த நோய் வேறு, முடியாத கிட்டார் தனி ஆவர்த்தனம். பாடுகிறவர் வாயைத் திறக்க எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

புதிதாகக் கேட்பவருக்கு என் யோசனை: ப்ளூஸுக்குள் ஜான்சன் வழியாக நுழையாதீர்கள். தட்டின் இரைச்சலும் அந்தக் குரலின் நெருக்கமும் சேர்ந்து ஓட வைத்துவிடும். ஜான் ஹர்ட்டிடம் போங்கள். தன் ஊர் அவலான் என்று 1928 பாட்டு ஒன்றில் அவர் சொல்லிவைத்திருந்தார். 1963இல் ஒரு ரசிகர் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிப் போனால், எழுபதை ஒட்டிய வயதில் ஆள் அங்கேயே இருக்கிறார். அந்த ஆண்டே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடினார். அவசரமே இல்லாத விரல்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோன்ற குரல். கன்ட்ரிக்கு ஹாங்க் போதும். 1953 புத்தாண்டு நாளில், ஒஹையோவின் கான்டனில் கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின்இருக்கையில் 29 வயதில் இறந்தவர். அவர் பாட்டுக்கு முன்னறிவு எதுவும் வேண்டாம், என் அம்மாவே சாட்சி.

எனக்கு எது? மதிப்பு ப்ளூஸுக்கு, கை போவது கன்ட்ரிக்கு. சமைக்கும்போது, ரயிலில், நண்பர்கள் வந்தால், கன்ட்ரிதான். ப்ளூஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க என்னால் முடிவதில்லை. இதை ப்ளூஸ் ரசிகர்களிடம் சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கன்ட்ரியைக் கொஞ்சம் பாமரமாக நினைப்பது அவர்கள் பழக்கம். பார்க்கட்டும்.

ஒரு பாட்டு மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்'. அவர் தேவாலயப் பாட்டு பாடியவர், ப்ளூஸ்காரர் என்று அவரைச் சொல்வதே தப்பு. கிட்டார் மட்டும் ப்ளூஸ். அந்தப் பாட்டில் சொற்கள் கிடையாது. முனகல், அதைத் தொடர்ந்து போகும் கிட்டார், அவ்வளவுதான். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றிய தங்கத்தட்டில் அதுவும் இருக்கிறது. அதைப் போட்ட அன்று அம்மா வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முடிந்ததும், "இவர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை அம்மா, வார்த்தையே இல்லை என்றேன்.

"அதுதான் புரிந்தது" என்றார்.