தத்தெடுக்க எந்த நாய்: தெருக்குட்டியா, வளர்ந்த நாட்டு நாயா, கைவிடப்பட்ட லாப்ரடாரா?

விலை கொடுத்து வாங்குவதில்லை, தத்தெடுப்பதுதான் என்று தீர்மானித்துவிட்ட ஒரு சென்னைக் குடும்பத்தின் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. தெருவில் பிறந்து யாரோ ஒருவர் தூக்கிவந்து காப்பாற்றிய இரண்டு மாதக் குட்டியை எடுக்கலாம். காப்பகத்திலோ தற்காலிகப் பராமரிப்பு வீட்டிலோ இருக்கும் இரண்டு மூன்று வயது நாட்டு நாயை எடுக்கலாம். முன்பு ஒரு வீட்டில் வளர்ந்து ஏதோ காரணத்தால் வெளியே விடப்பட்ட லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பக் போன்ற இன நாயை எடுக்கலாம். கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் குட்டியைத்தான் கேட்கிறார்கள், இல்லையென்றால் லாப்ரடார் இருக்கிறதா என்கிறார்கள். வளர்ந்த நாட்டு நாய்தான் வேண்டும் என்று வருபவர் அரிது. வேலைக்குப் போகும் மனிதர்களைக் கொண்ட சாதாரண வீடுகளுக்கு இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. மூன்றிலும் சிரமம் உண்டு. அந்தச் சிரமம் எந்தக் கட்டத்தில் வந்து நிற்கிறது என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது.

குட்டியின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை ஒரு நாய்க்குட்டி எதையெல்லாம் அச்சமின்றிப் பார்த்தும் கேட்டும் பழகுகிறதோ, அதையெல்லாம் இயல்பானது என்று ஏற்றுக்கொள்கிறது. அந்த வாரங்கள் வீட்டுக்குள் கழிந்தால் குக்கர் விசில், மிக்ஸி, மின்விசிறியின் நிழல், குழந்தையின் அழுகை ஆகியவற்றுக்குப் பின்னாளில் அது நடுங்குவது குறைவு. இது பெரிய லாபம். ஆனால் தடுப்பூசி முழுமையடையாத வாரங்களும் அவைதாம். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கும் ஊசிகள் சில வார இடைவெளிகளில் பதினாறாவது வாரம் வரை நீள்கின்றன. ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதம் நிறைந்த பிறகே போடப்படுகிறது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற கிருமி உடலுக்குள் புகுந்து சில நாள்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும் என்பதால், ஞாயிற்றுக்கிழமை துள்ளிக்கொண்டு வந்த குட்டி வியாழக்கிழமை வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு கிடப்பது மீட்புப் பணியில் இருப்பவர்களுக்கு மிகப் பழகிய துயரம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமான ஃபினாயிலை நம்ப முடியாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். ஏற்கெனவே ஒரு குட்டியைப் பார்வோவுக்குப் பறிகொடுத்த வீடு, அடுத்ததாகத் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்ட வளர்ந்த நாயைக் கொண்டுவருவதே அறிவுடைமை.

இன்னொரு விஷயத்தைக் குட்டி கொடுப்பவர்கள் பலர் சொல்வதில்லை. கடிக்காத குட்டி கிடையாது. பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை செருப்பு, துடைப்பம், புடவைத் தலைப்பு, குழந்தையின் விரல் எல்லாம் அதற்கு ஒன்றுதான். தெருவிலிருந்து வந்த, ரேபிஸ் ஊசி போடப்படாத குட்டியின் பல் தோலைக் கீறிவிட்டால், அது விளையாட்டுக்குக் கடித்ததா வெறியில் கடித்ததா என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். குட்டிகளுக்கும் ரேபிஸ் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே, தடுப்பூசி அட்டையோடு வரும் வளர்ந்த நாயின் பக்கம் தராசைச் சாய்க்கப் போதும்.

குட்டி முதல் இரண்டு மூன்று இரவுகள் அழுதுவிட்டு அடங்கிவிடும். அடுத்த சில மாதங்கள் வீடே அதைச் சுற்றி வரும். சோதனை எட்டாம் மாதத்தில் தொடங்குகிறது. உடல் வளர்ந்துவிட்டது, பல் நிரம்பிவிட்டது, நேற்றுவரை கேட்ட சொல்லை இன்று கேட்பதில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு, இப்போ கட்டுப்படுத்த முடியல, திரும்ப எடுத்துக்குங்க" என்ற தொலைபேசி அழைப்பு இந்த வயதில்தான் வருகிறது. தெருக்குட்டி எவ்வளவு பெரிதாகும், கூச்ச சுபாவமாக வளருமா, வாசலில் போகிறவர் வருகிறவரையெல்லாம் குரைத்துத் தீர்க்குமா என்பதை இரண்டு மாதத்தில் எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

வளர்ந்த நாட்டு நாயிடம் இந்த மறைவு இல்லை. பதினைந்து முதல் இருபத்தைந்து கிலோவுக்குள் அதன் எடை நின்றுவிட்டது, குணம் அமைந்துவிட்டது, பூனையைக் கண்டால் என்ன செய்யும், பிற நாய்களோடு எப்படி இருக்கும் என்பதை இத்தனை நாள் சோறு போட்டவர் சொல்லிவிடுவார். ஆனால் அது ஏன் காப்பகத்தில் இருக்கிறது என்ற கேள்வியை அவசியம் கேட்க வேண்டும். தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் தெருநாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2001இல் கொண்டுவந்த விதிகளும் அவற்றின் இடத்தில் 2023இல் வந்த விதிகளும் வகுத்த பொது முறை. காதில் தெரியும் சிறு வெட்டு அதற்கான அடையாளம். ஆகவே நல்ல உடல்நலத்தோடு இருந்த நாய் அநேகமாகத் தன் தெருவுக்கே திரும்பியிருக்கும். காப்பகத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்டதென்றால் வண்டியில் அடிபட்டிருக்கும், சொறி முற்றிய நிலையில் வந்திருக்கும், கட்டட வேலை முடிந்து தொழிலாளர்கள் போனபின் தனியாக நின்றிருக்கும், அல்லது குட்டியாக வந்து கேட்பாரின்றி அங்கேயே வளர்ந்திருக்கும். கடைசி வகைக்குத் தெருவும் தெரியாது, வீடும் தெரியாது. பழக்குவதற்கு மற்றவற்றைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும். மூன்று கால் நாய் என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மாடிப்படியில் அது ஏறும் வேகத்தைப் பார்த்த பிறகு யாரும் கால்களை எண்ணுவதில்லை.

அந்த நாய் வீட்டுக்கு வரும் முதல் நாளைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். வாசற்படி வரை இயல்பாக நடந்து வந்தது, வழுவழுப்பான தரையைக் கண்டதும் நான்கு கால்களையும் விரித்து நின்றுவிடும். மண்ணும் தாரும் சிமெண்டும் அறிந்த பாதங்களுக்கு டைல்ஸ் புதிது. இழுக்கக் கூடாது. பழைய கோணிப்பையையோ கால்மிதியையோ அடுத்தடுத்துப் போட்டுவிட்டு நாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், அரை மணி நேரத்தில் சுவரை ஒட்டிக்கொண்டே வந்து கட்டிலுக்கடியில் படுத்துவிடும். குக்கர் முதல் விசிலில் கட்டிலின் மறு மூலைக்குப் போய்விடும். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும், இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு தட்டைக் காலி செய்யும். இது நோயல்ல. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று மீட்புப் பணியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். சில நாய்களுக்கு அது ஆறு மாதமும் ஆகும். அந்த முதல் நாள்களில் குளிப்பாட்டுவது, உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது, மடியில் ஏற்றுவது எல்லாம் நம் ஆசைக்காகச் செய்பவை. நாய்க்கு வேண்டியது ஒரு மூலையும் தொந்தரவில்லாத தூக்கமும்தான்.

இந்த வழியில் உண்மையான ஆபத்து ஒன்றே ஒன்று: ஓடிவிடுவது. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்துக் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்வதில் கைதேர்ந்தது. முதல் சில வாரங்களுக்குக் கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையான ஹார்னஸும் மாட்டி, இரண்டிலும் தனித்தனிக் கயிறு போட்டுத்தான் வெளியே கூட்டிச்செல்ல வேண்டும். கேட்டைத் திறக்கும் முன் நாய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் தனியே விடவே கூடாது. குட்டி ஓடினால் துரத்திப் பிடிக்கலாம். லாப்ரடார் ஓடினால் யாராவது ஒருவர் பிஸ்கட் காட்டிக் கட்டிவைத்திருப்பார். புதிய பேட்டையில் தொலைந்த நாட்டு நாயைத் தேடுவது இரண்டையும்விடக் கடினம், ஏனென்றால் அது மனிதர்களைத் தவிர்க்கும், அந்தப் பகுதி நாய்களோ அதை நிற்க விடாது.

மற்றபடி லாபம் எல்லாம் இந்தப் பக்கம்தான். தெருவில் வளர்ந்த நாய் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்வது குறைவு. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் மண்ணைத் தேடி மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நாம்தான் கவலைப்பட வேண்டியிருக்கும். இரண்டு மாதக் குட்டியோ இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிற்கிறதோ அங்கேயே சிறுநீர் கழித்துவிடும். நோய்களில் உண்ணிக் காய்ச்சலைக் கவனிக்க வேண்டும்: நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது, நான்கு வார மாத்திரையை நடுவில் நிறுத்தவும் கூடாது. பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டியைக் கண்டு பலர் மிரண்டு பின்வாங்குகிறார்கள். வாரம் ஒருமுறை போடும் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியில் பெரும்பாலும் சில வாரங்களில் முழுமையாகக் குணமாகிவிடும் கட்டி அது.

கைவிடப்பட்ட இன நாய்களை ஒரே வகையாகப் பார்ப்பது தவறு. குடும்பம் வெளிநாடு போனதால், குழந்தை பிறந்ததால், வீட்டு உரிமையாளர் மறுத்ததால் வெளியே வந்த நாய் ஒரு வகை; அதற்கு லிஃப்ட் தெரியும், கார் தெரியும், "உட்கார்" என்றால் உட்காரும். வீட்டு வாழ்க்கைக்கு அதைப் பழக்க வேண்டியதே இல்லை. ஆனால் அது ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய வீட்டுக் காரைப் போன்ற சத்தம் தெருவில் கேட்டால் கேட்டுக்கு ஓடும், தனியே விட்டுப் போனால் கதவைப் பிறாண்டும். ஒருமுறை விடப்பட்ட நாய்க்கு வீட்டார் செருப்பு மாட்டுவதே பீதியைக் கிளப்பக்கூடும். பகல் முழுவதும் ஆளில்லாத வீட்டுக்கு இது பொருந்தாது. மற்றொரு வகை, குட்டி போடுவதற்கென்றே கூண்டில் வைக்கப்பட்டு, வயதானதும் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடப்படும் பெண் நாய். தன் கழிவின்மேலேயே படுத்து வாழ்ந்ததால் தூய்மைப் பழக்கம் அதற்கு அறவே இராது. தெருநாயைவிட இதைப் பழக்குவதுதான் கடினம். வளர்ப்புப் பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அச்சட்டம் எழுதிவைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான்.

உடல்நிலையிலும் இந்த வழிதான் அதிகம் கேட்கும். லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருகிறது. முப்பது கிலோ நாய் எழுந்து நிற்க முடியாதபோது மூன்றாம் மாடியிலிருந்து தூக்கி இறக்கப்போவது யார் என்பதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். பக் சென்னை வெயிலில் மூச்சுக்குத் தவிக்கும். குளிர்நாட்டு இனங்களான சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை இத்தகைய இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவையாகக் குறிப்பிட்டது. உள்நாட்டு இனங்களும் கைவிடப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுக்ககத்தில் அடைபட்ட சிப்பிப்பாறைக்கு ஓட இடம் வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு என்பதால், கூப்பிட்டால் திரும்பாத நாயைத் திமிர் பிடித்தது என்று எண்ணிவிடக் கூடாது.

செலவு என்று பார்த்தால், குட்டிக்கு முதல் ஆண்டில் ஊசிகளும் கருத்தடையும், இன நாய்க்குக் கடைசி ஆண்டுகளில் மருந்துகளும். நடுவில் இருக்கும் நாட்டு நாய்க்கு இரண்டுமே குறைவு. உணவில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சோறும் தயிரும் முட்டையும் ஏற்கும், ஆனால் வெறும் தயிர்சாதம் மட்டுமே போட்டு வளர்ப்பது எந்த நாய்க்கும் போதாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு, ஆகவே மீந்த சாம்பார் சாதம் வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே வயதான நாய் இருந்தால், அதன் காதைக் கடித்துத் தொல்லைப்படுத்தும் குட்டியைவிட எதிர்ப்பாலினத்து வளர்ந்த நாய் நல்லது. இரண்டையும் வீட்டுக்குள் சந்திக்க வைக்காமல், வெளியே பொது இடத்தில் சேர்ந்து நடக்கவைத்துப் பிறகு உள்ளே அழைத்துவர வேண்டும். அறுபது எழுபது வயதுத் தம்பதிக்கு, பன்னிரண்டு பதினைந்து ஆண்டு வாழப்போகும் குட்டியைவிட ஆறேழு வயது அமைதியான நாட்டு நாயைத்தான் நான் பரிந்துரைப்பேன். எப்போதும் ஆள் இருக்கும் வீடு, பொறுமையும் இருக்கிறது, தரைத்தளம் என்றால் வீட்டில் வளர்ந்த லாப்ரடாரை எடுக்கலாம்; அதற்கு நாம் கொடுப்பதைவிட அது நமக்குக் கொடுப்பது அதிகமாக இருக்கும். இன்னொன்று: தன் தெருவில் கருத்தடை செய்யப்பட்டு, டீக்கடைக்காரரும் காவலாளியும் சோறு போட, நிம்மதியாக இருக்கும் ஐந்து வயது நாயைப் பாசத்தின் பேரில் இரண்டாம் மாடிக்குக் கொண்டுபோய் அடைப்பதை மீட்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட ஏற்பாடு செய்தால் போதும்.

எந்த வழியானாலும், நேரடியாகத் தத்தெடுப்பதற்கு முன் சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். நல்ல காப்பகம் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பொருந்தாவிட்டால் நாயை அவர்களிடமே திருப்பித்தர வேண்டும், வேறு யாரிடமும் கைமாற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுத்து, நாயின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் பொருத்தியாக வேண்டும். அழைத்துவரும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதத்தில் வளர்ந்த நாட்டு நாயைக் கொண்டுவர வேண்டாம். வீடு இன்னும் பழகாத நிலையில் சரவெடி வெடித்தால், மூன்று வாரத்தில் சேர்த்த நம்பிக்கை ஒரே இரவில் போய்விடும், கேட் திறந்திருந்தால் நாயும் போய்விடும். பட்டாசு ஓய்ந்த பிறகு, இரண்டு மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வரும் வாரமாகப் பார்த்து அழைத்து வாருங்கள்.