ஹாலியா, பாக்ஸ்வுட்டா? கேரியில் 11 வருடம் வளர்த்துப் பார்த்த அனுபவம்

வட கரோலினாவில், ராலேயை ஒட்டிய கேரியில் 2013ல் வீடு வாங்கினோம். முகப்பு ஜன்னல்களுக்குக் கீழே வரிசையாக 8 செடிகள் இருந்தன. சின்னச் சின்ன இலை, உருண்டையாக வெட்டிவிட்ட உருவம். விற்றவர் பாக்ஸ்வுட் என்று சொன்னார், வெட்டி உருவம் கொடுக்க வசதியான பசுமைமாறாப் புதர் அது, நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டோம். மூன்றாவது கோடையில் ஒவ்வொன்றாக வெளிறிக் காய ஆரம்பித்தன. பாக்ஸ்வுட்டுக்கு என்னவெல்லாம் வரும் என்று தேடிப் படித்து, அதற்கான மருந்தையெல்லாம் அடித்தேன். 5 செடிகள் போய்விட்டன.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு கவுண்டியின் எக்ஸ்டென்ஷன் (வேளாண் ஆலோசனை) அலுவலகத்துக்குப் போனேன். தோட்டக்கலை தெரிந்த தன்னார்வலர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அன்று இருந்த வயதான பெண்மணி நோயைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. கிளையை வாங்கி, இலைகள் கணுவில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்தார். “இது பாக்ஸ்வுட் இல்லை, ஜப்பானிய ஹாலி” என்றார். ஹாலி முற்றிலும் வேறு இனத்துச் செடி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நம் ஊர்ச் செடிகளை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். துளசியில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். செம்பருத்தியில் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி வரும். பாக்ஸ்வுட் துளசி மாதிரி, ஹாலி செம்பருத்தி மாதிரி. ஹாலியில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு, முள் இருப்பதும் இல்லாததும் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இலை மாறி மாறித்தான் வரும். இந்த ஒன்று தெரிந்த பிறகு, நர்சரியில் பெயர்ச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிளையைத்தான் பார்க்கிறேன்.

பெயர் தெரிந்ததும் காரணமும் தெரிந்துவிட்டது. ஜப்பானிய ஹாலிக்குக் கறுப்பு வேரழுகல் என்ற பூஞ்சை நோய் எளிதில் வரும். எங்கள் மண் சிவப்புக் களி, மழை பெய்தால் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். செத்த செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்த்தேன். நுனிகள் கரிபோலக் கறுத்திருந்தன. இலையில் அடித்த மருந்து வேருக்கு என்ன செய்யும்? மீதி 3 செடிகளையும் எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் உண்மையான பாக்ஸ்வுட்டையே வைக்கலாமா என்று யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் பாக்ஸ்வுட் பிளைட் என்ற பூஞ்சை நோய். வட அமெரிக்காவில் இந்த நோயை முதன்முதலாக 2011ல் கண்டுபிடித்ததே வட கரோலினாவிலும் கனெக்டிகட்டிலும்தான். இலையில் புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு, அப்புறம் சில நாட்களில் மொத்த இலையும் கொட்டிவிடும். ஹாலிக்கு இந்த நோய் வருவதில்லை.

சின்ன இலை ஹாலியிலேயே மூன்று இருக்கின்றன, தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜப்பானிய ஹாலியில் இலையின் விளிம்பு முழுக்க நுண்ணிய பற்கள், பழம் கறுப்பு. இங்க்பெர்ரியின் இலை கொஞ்சம் நீளம், நுனிப் பக்கம் மட்டும் இரண்டு மூன்று பற்கள், பழம் இதிலும் கறுப்புதான். யோப்பானில் விளிம்பு மெல்லிய அலைபோல வளைந்திருக்கும், கிளை சாம்பல் நிறத்தில் விறைப்பாக இருக்கும், பழம் சிவப்பு.

இங்க்பெர்ரி இந்த நாட்டுச் செடி, ஈரத்தைத் தாங்கும். 4 செடிகளை மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் வைத்தேன். 9 வருடமாக உயிரோடு இருக்கின்றன. குறை ஒன்றுதான்: அடிப்பகுதியில் இலை உதிர்ந்து வெறும் தண்டெல்லாம் தெரியும். முன்னால் குட்டையாக வேறு ஏதாவது வைத்து மறைக்க வேண்டியிருக்கிறது.

ஜன்னலுக்குக் கீழே வைத்தது குட்டை யோப்பான். என் தோட்டத்தில் ஒரே ஒரு செடியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். தேங்கும் ஈரம், தண்ணீரே விடாத ஆகஸ்ட், கார் நிறுத்தும் பாதையின் சூடு எல்லாவற்றையும் தாங்கியது. 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் திடீரென்று இறங்கிய கடுங்குளிரில் எங்கள் லோரோபெட்டலமும் கார்டினியாவும் பழுப்பாகக் கருகின. யோப்பானில் ஓர் இலைகூட வாடவில்லை. வருடத்துக்கு ஒரு கவாத்து போதும். முதல் இரண்டு வருடம் ரொம்ப மெதுவாக வளரும், அப்போது பொறுமை வேண்டும்.

பின்பக்க வேலிக்கு நெல்லி ஸ்டீவன்ஸ் ஹாலி. ஆங்கில ஹாலியும் சீன ஹாலியும் கலந்து வந்தது. மேரிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நெல்லி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி விதை போட்டு வளர்த்த மரத்திலிருந்து வந்ததால் அவர் பெயர். பளபளக்கும் கரும்பச்சை, குளிர்காலம் முழுக்கச் சிவப்புப் பழம், வசந்தத்தில் தேனீக்கள் மொய்க்கும். 3 அடி உயரக் கன்றாக 6 வைத்தேன், இன்று 15 அடியைத் தாண்டிவிட்டன. நான் 4 அடி இடைவெளிதான் விட்டேன், 7 அடியாவது விட்டிருக்க வேண்டும். இப்போது கிளைகள் பின்னிக்கொண்டு உள்பக்கம் வெயிலே படுவதில்லை. இன்னொன்று: ஏப்ரலில் உள்பக்கத்து இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். முதல் வருடம் இதையும் நோய் என்று நினைத்துத் தூக்கம் கெட்டேன். பசுமைமாறாச் செடியும் பழைய இலையை உதிர்க்கும், ஹாலி அதை வசந்தத்தில் செய்கிறது, அவ்வளவுதான்.

பழத்துக்காக ஹாலி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் பழம். பூவைப் பார்த்தே சொல்லிவிடலாம்: நடுவில் பச்சைக் குமிழ் இருந்தால் பெண், மஞ்சள் மகரந்தத் தண்டுகள் துருத்திக்கொண்டிருந்தால் ஆண். சீன ஹாலியில் பர்ஃபோர்ட் என்ற வகைக்கு ஆண் செடி இல்லாமலே பழம் பிடிக்கும். பழத்தைக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

முள் இலையைப் பார்த்து ஹாலி என்று நான் ஏமாந்த செடி ஆஸ்மாந்தஸ். ஒரு நர்சரியில் ஹாலி வரிசையிலேயே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலைகள் எதிரெதிர். ஏமாந்ததில் வருத்தமே இல்லை. அக்டோபரில் இலைக்கக்கத்தில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ பூத்தது, வாசல் முழுக்க மணம். மல்லிகையும் இதுவும் ஒரே குடும்பம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மஹோனியாவும் முள்தான், ஆனால் கறிவேப்பிலை ஈர்க்கு மாதிரி ஒரே காம்பில் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், குழப்பமே வராது. இதன் உறவுக்காரச் செடி ஒன்று நீலகிரிச் சோலைகளில் இருக்கிறது, ஹாலி இனத்து மரங்களும் அங்கே உண்டு. இங்கே தோட்டத்தில் விற்கும் பெரிய இலை மஹோனியாவைப் பறவைகள் காட்டுக்குள் பரப்பிவிடுகின்றன, அதனால் எங்களுடையதை எடுத்துவிட்டேன்.

தரைமூடிச் செடிகளில் எனக்குப் பெரிய பாடம் புல் மாதிரி இருக்கும் லிரியோப்பிதான். சீட்டில் லிரியோப்பி என்று மட்டும் போட்டிருந்தது. அதில் கொத்தாக ஓரிடத்தில் நிற்கும் மஸ்காரி வகையும் உண்டு, மண்ணுக்கடியில் ஓடும் ஸ்பிகேட்டா வகையும் உண்டு. எனக்குக் கிடைத்தது ஓடுவது. அருகம்புல் போல நடைபாதைக் கல்லுக்கு நடுவிலும் வந்துவிட்டது, 6 வருடமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போது தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், வெள்ளையாகத் தண்டு ஓடியிருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். மோண்டோ புல்லும் இதுபோலத்தான் தெரியும், ஆனால் இலை மெல்லிசு, பூ இலைகளுக்குள் ஒளிந்திருக்கும், பழம் நீலம். லிரியோப்பியின் பூ இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும், பழம் கறுப்பு.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது பக்கத்து வீட்டு வின்காவைப் பார்த்து, “நித்தியகல்யாணி மாதிரியே இருக்கேடா” என்றாள். சரியாகத்தான் சொன்னாள், இரண்டும் ஒரே குடும்பம்தான். பூ அழகு, ஆனால் வேலி தாண்டி மரங்களுக்கடியில் பரவும். ஐவிக் கொடியும் அப்படியே. இரண்டையும் நான் வைக்கவில்லை. பாக்கிசாண்ட்ராவை நிழலில் வைத்துப் பார்த்தேன், எங்கள் கோடையில் சோர்ந்துபோனது. அது பாக்ஸ்வுட் குடும்பம், பிளைட் அதற்கும் வரும்.

போன குளிர்காலத்தில் முதல்முறையாக யோப்பான் இலையை அடுப்பில் வறுத்துத் தேநீர் போட்டேன். இதில் காஃபீன் இருக்கிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகள் காலங்காலமாகக் குடித்தது, இந்த மாநிலத்தின் கடற்கரைத் தீவுகளில் பின்னாலும் குடித்துவந்தார்கள். 1789ல் இதற்கு ஐலெக்ஸ் வாமிட்டோரியா என்று அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள், வாந்தி என்ற அர்த்தத்தில். சடங்குகளில் இதைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்ததைப் பார்த்தவர்கள் சொன்னதை வைத்து வந்த பெயர் அது, இலைக்கு அந்தக் குணம் இல்லை. துவர்ப்பே இல்லாமல், லேசான இனிப்போடு இருந்தது. எங்கள் வேலியோரத்தில் தானாக முளைக்கும் சீன பிரிவெட் என்ற புதரின் இலையும் இதே அளவுதான், அது விஷம். அதில் இலைகள் துளசி மாதிரி எதிரெதிராக இருக்கும். பறிப்பதற்கு முன்னால் கிளையைப் பாருங்கள்.